உற்பத்தி நின்றுபோன கருமருந்து ரிவால்வர்: ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

1972-ல் சந்தைக்கு வந்தது. 2008-ல் தயாரிப்பு நின்றது. அமெரிக்காவின் ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் தயாரித்த 'ரூகர் ஓல்டு ஆர்மி' ரிவால்வரின் கதை இரண்டே வரியில் இதுதான்.

ஆனால் கம்பெனி நிறுத்திவிட்டதால் துப்பாக்கியை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழங்காலத் துப்பாக்கிப் போட்டிகளில் அது இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சிக்கல் எப்போது வருகிறது? விரல் நகம் அளவுக்கு இருக்கும் ஒரு ஸ்பிரிங் உடையும்போது. அல்லது கழுவித் துடைக்கும்போது ஒரு திருகு உருண்டு காணாமல் போகும்போது. உற்பத்தி நின்ற பொருளுக்கு கிடங்கில் இருக்கும் ஸ்டாக் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நின்றுபோன பைக் மாடலுக்கு ஸ்பேர் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வலி புரியும். ஒரு வித்தியாசம், பைக்கில் தப்பான பார்ட் போட்டால் வண்டி ஓடாது. இதில் தப்பான பார்ட் போட்டால் கையிலேயே வெடிக்கலாம்.

அப்படியென்றால் உதிரிபாகத்தை எப்படித் தேடுகிறார்கள்? எங்கே ஏமாறுகிறார்கள்?

முதலில், இது என்ன துப்பாக்கி?

இன்றைய ரிவால்வரில் தோட்டா என்பது முழுசாக ஒரே பொருள். மருந்து, ஈயம், தீப்பொறி தரும் பகுதி எல்லாம் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும். கருமருந்து ரிவால்வரில் அப்படி இல்லை. சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்தைப் போட்டு, மேலே ஈய உருண்டையை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னக் கூம்பு உண்டு. அதற்குப் பெயர் நிப்பிள். அதன் தலையில் ஒரு குட்டிச் செம்புத் தொப்பியை, அதாவது 'கேப்'பை மாட்டுவார்கள். சுத்தியல் அதில் அடித்தால் பொறி பறந்து உள்ளே இருக்கும் மருந்து பற்றும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் துப்பாக்கியின் பெயரில் இருக்கும் அதே கேப்தான், அதன் பெரியண்ணன்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் கோல்ட் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் இந்த வகையை லட்சக்கணக்கில் செய்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அதாவது 1861 முதல் 1865 வரை, இவைதான் குதிரைப்படையின் இடுப்பில் இருந்தன. 1870-களில் பித்தளைத் தோட்டா வந்ததும் இவற்றின் காலம் முடிந்தது.

முடிந்த காலத்தை மறுபடி தொடங்கி வைத்தது ஒரு நூற்றாண்டு விழா. உள்நாட்டுப் போரின் 100-வது ஆண்டு நெருங்கிய 1950-களின் கடைசியில், பழைய மாடல்களின் நகல்களை இத்தாலியில் செய்து அமெரிக்காவில் விற்கும் வியாபாரம் சூடுபிடித்தது. வடக்கு இத்தாலியின் பிரேஷா மாவட்டத்தில் இருக்கும் கார்தோனே வால் த்ரோம்பியாவும் அதன் சுற்றுவட்டாரமும் பரம்பரையாகத் துப்பாக்கி செய்யும் ஊர்கள். ஊபர்ட்டி, பியெட்டா, ஆர்மி சான் மார்கோ, ஆர்மி சான் பாவ்லோ எனப் பல பட்டறைகள் களத்தில் இறங்கின. இவற்றில் சில இன்றும் உண்டு. சில மூடிவிட்டன. இன்றைய ஸ்பேர் பார்ட்ஸ் தலைவலியில் பாதி இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

குழலில் இருக்கும் பெயரை ஏன் நம்பக் கூடாது?

உதிரிபாகம் கேட்டுப் போகிறவர் செய்யும் முதல் தப்பு, குழலில் பொறித்திருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்பது. அந்தப் பெயர் பெரும்பாலும் இறக்குமதி செய்த அமெரிக்க வியாபாரியின் பெயர். அதே வியாபாரி ஒரு வருஷம் ஒரு பட்டறையிலும், அடுத்த சில வருஷம் வேறு பட்டறையிலும் சரக்கு எடுத்திருப்பார். வெளியே பார்த்தால் இரண்டும் 'கோல்ட் 1851 நேவி'. உள்ளே திருகு வேறு, ஸ்பிரிங் வேறு.

மாடல் பெயரும் கைகொடுக்காது. எல்லோரும் '1858 ரெமிங்டன்' என்று கூப்பிடும் துப்பாக்கியை ரெமிங்டன் 1858-ல் செய்யவே இல்லை. அந்த வடிவம் 1863 வாக்கில் வந்தது. குழலின் மேல் காப்புரிமைத் தேதியாக 1858 செப்டம்பர் 14 என்று பொறித்திருந்ததால் அந்த வருஷமே பெயராக ஒட்டிக்கொண்டது.

சரி, உண்மையான தயாரிப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தாலியத் துப்பாக்கிகளுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. அந்த நாட்டில் துப்பாக்கி விற்பனைக்குப் போகும் முன் அரசு அங்கீகரித்த சோதனைக் கூடத்தில் வெடித்துப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். 'பி.என்.' என்ற எழுத்து இருந்தால் 'போல்வெரே நேரா', அதாவது இத்தாலிய மொழியில் கருமருந்து. இது கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது, நவீன மருந்தைப் போடாதே என்று பொருள்.

பக்கத்திலேயே வருஷக் குறி இருக்கும். 1945-ஐ ஒன்று என்று வைத்து 1974 வரை ரோமன் எண்ணில் குறித்தார்கள். 1954 என்றால் எக்ஸ், 1974 என்றால் மூன்று எக்ஸ். 1975-ல் இருந்து இரண்டு எழுத்துக் குறி. அந்த வருஷத்துக்கு 'ஏஏ', அடுத்த வருஷத்துக்கு 'ஏபி' என்று போகும். பட்டறையின் சொந்த முத்திரை பல துப்பாக்கிகளில் ஏற்றும் நெம்புகோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நெம்புகோலை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். பியெட்டாவின் அடையாளம் வைரக் கட்டத்துக்குள் 'எஃப்.ஏ.பி.' என்ற மூன்றெழுத்து.

வருஷம் எதற்கு என்று கேட்கலாம். அதே பியெட்டா, கணினி கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கு மாறும் முன் செய்ததற்கும் பின் செய்ததற்கும் பாகங்களின் அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய துப்பாக்கிக்குப் புதுப் பாகம் வாங்கி, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ரூகர் ஓல்டு ஆர்மி ஏன் தனிக் கதை?

இத்தாலிய ரிவால்வர்கள் எல்லாம் பழைய துப்பாக்கிகளின் நகல்கள். ரூகர் ஓல்டு ஆர்மி எதற்கும் நகல் இல்லை. சிலிண்டருக்கு மேலே உலோகப் பாலம் போட்ட உருவம் ரெமிங்டனை ஞாபகப்படுத்தும். ஆனால் உள்ளே இருக்கும் இயக்கம், 1955-ல் வந்த ரூகரின் 'பிளாக்ஹாக்' தோட்டா ரிவால்வரில் இருந்து எடுத்தது. கோல்ட் காலத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் அடிக்கடி உடையும். ரூகர் அதற்குப் பதில் சுருள் ஸ்பிரிங் போட்டது. அதனால் இது உழைக்கும் துப்பாக்கி என்று பெயர் எடுத்தது. சாதாரண எஃகில் வந்தது, 1975 வாக்கில் இருந்து ஸ்டெயின்லெஸ் எஃகிலும் வந்தது. அறைக்குள் போகும் ஈய உருண்டையின் விட்டம் 0.457 அங்குலம். இத்தாலிய 0.44 ரிவால்வர்களில் வழக்கமாகப் போடும் உருண்டையைவிட இது கொஞ்சம் பெரிசு. அதனால் உருண்டை வாங்கும்போதே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தனித்தன்மைதான் இப்போது நல்லதும் கெட்டதும். கைப்பிடிப் பலகை போன்ற சில பாகங்கள் பிளாக்ஹாக் குடும்பத்தோடு ஒத்துப்போகும். பிளாக்ஹாக் வரிசை இன்னும் தயாரிப்பில் இருப்பதால் அவை கிடைப்பது கஷ்டம் இல்லை. ஆனால் பொதுவானது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது. 1973-ல் ரூகர் பிளாக்ஹாக்கின் உள் இயக்கத்தை மாற்றி 'நியூ மாடல்' என்று விட்டது. ஓல்டு ஆர்மியோ அதற்கு முந்தைய பாணியிலேயே கடைசிவரை வந்தது. அதனால் சுத்தியல், விசை போன்றவற்றை இன்றைய பிளாக்ஹாக்கில் இருந்து எடுத்துப் போட முடியாது.

சிலிண்டர், ஏற்றும் நெம்புகோல், நிப்பிள் இந்த மூன்றும் ஓல்டு ஆர்மிக்கே உரியவை. இதில் நிப்பிளை மட்டும் வெளி நிறுவனங்கள் புதிதாகச் செய்து விற்கின்றன. மற்றதற்கு கம்பெனியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பது முதல் வழி. அங்கே இல்லை என்றால் பழைய துப்பாக்கிகளைப் பிரித்து விற்கும் கடைகள்தான்.

கம்பெனியிடம் கேட்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ரூகரின் கையேடுகளில் பாகப் பட்டியலில் சில பாகங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். 'தொழிற்சாலையில்தான் பொருத்த வேண்டும்' என்று அதற்கு அர்த்தம். அவற்றைத் தனியாகத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். முரண்டு பிடிப்பது போலத் தெரியும். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

நிப்பிள்: சின்னப் பாகம், பெரிய சேதம்

அடிக்கடி மாற்ற வேண்டி வருவது நிப்பிளைத்தான். ஒவ்வொரு முறையும் சுத்தியலின் அடி நேராக அதன் மேல்தான் விழுகிறது. தலை நசுங்கும், துளை அகலும். கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் உப்புக் கசடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுடும் அன்றே கழுவித் துடைக்காமல் விட்டால் மரைக்குள் துரு ஏறி நிப்பிள் இறுகிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இத்தாலிய நகல்களில் பரவலாக இருப்பது 6 மில்லிமீட்டர் தடிமனும் 0.75 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள மரை. ரூகர் ஓல்டு ஆர்மியில் இருப்பது அங்குலக் கணக்கில் '12-28' என்ற மரை. தடிமன் 0.216 அங்குலம், அதாவது சுமார் 5.5 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு 28 சுற்று. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் வெறும் அரை மில்லிமீட்டர்.

தப்பானதை வைத்து ஸ்பானரால் ஒரு முறுக்கு முறுக்கினால் முதல் சுற்று ஏறிவிடும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்வளவுதான்' என்று தோன்றும். அந்த நிமிஷத்திலேயே சிலிண்டரின் மரை போய்விட்டது. நிப்பிள் நாலைந்து டாலர் சமாச்சாரம். சிலிண்டர், தயாரிப்பு நின்றுபோன பாகம். இதில் எல்லா இத்தாலிய நகலும் 6 மில்லிமீட்டர்தான் என்றும் நம்ப முடியாது. சில பழைய வரிசைகளில் அங்குல மரையும் வந்திருக்கிறது. பழைய நிப்பிளைக் கழற்றி, மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். விரலால் திருகும்போதே சுலபமாக ஏறினால்தான் அது சரியான நிப்பிள்.

நிப்பிளின் கூம்பும் முக்கியம். கேப்புகள் 10, 11 என்று எண்களில் வரும். ஓல்டு ஆர்மியின் கம்பெனி நிப்பிளுக்கு 10-ம் எண் கேப் பொருந்தும். வேறு கம்பெனி நிப்பிள் போட்டால் கேப் அளவும் மாறலாம். தளர்ந்த கேப் சுடும் அதிர்ச்சியில் கழன்று விழும், சுத்தியலுக்குள் மாட்டும். அதைவிட மோசம், பக்கத்து அறைகளும் சேர்ந்து பற்றிக்கொள்ளும் 'செயின் ஃபயர்'. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் தளர்ந்த கேப்பும் ஒன்று.

'கிட்டத்தட்ட பொருந்துது' என்றால்?

பொருந்தாத பாகம் ஆபத்து இல்லை. அது உள்ளே போகாது, கதை முடிந்தது. ஆபத்து, கிட்டத்தட்ட பொருந்தும் பாகத்தில்தான்.

சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது 'ஹேண்ட்' என்ற ஒரு சின்னக் கை சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும். அறை குழலுக்கு நேராக வந்ததும் கீழே இருந்து 'போல்ட்' என்ற ஒரு பல் எழுந்து சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். இந்த இரண்டும் ஒத்துப்போவதைத்தான் 'டைமிங்' என்கிறார்கள். கை தேய்ந்தாலோ, புதுக் கை ஒரு நூல் குட்டையாக இருந்தாலோ, அறை நேராக வரும் முன்பே சுத்தியல் விழத் தயாராகிவிடும். அப்படிச் சுட்டால் ஈய உருண்டை குழலின் விளிம்பில் உரசும். ஈயச் சீவல்கள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு அது போதும்.

அதனால்தான் ஹேண்டும் போல்டும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் நீளத்தில், 'அரம் போட்டுப் பொருத்திக்கொள்ளவும்' என்ற கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு முறை தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அரத்தை எங்கே வைக்க வேண்டும், எத்தனை தேய்ப்பில் நிறுத்த வேண்டும் என்பது அனுபவம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. வீட்டு மேஜையில் செய்ய வேண்டியது கிடையாது. திருகு, கைப்பிடிப் பலகை, சுருள் ஸ்பிரிங் போன்றவற்றை வைத்திருப்பவரே மாற்றிக்கொள்ளலாம். சிலிண்டரின் சுழற்சியையும் பூட்டையும் தொடும் எதையும் கைவைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

பட்டை ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் ஒரு ஆறுதல். கோல்ட் பாணி நகல்களில் விசைக்கும் போல்ட்டுக்குமான பட்டை ஸ்பிரிங் உடைவது வழக்கமான புகார். அதே இடத்தில் உட்காரும் கம்பி ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது. பலர் உடையும் வரை காத்திருக்காமலேயே மாற்றிவிடுகிறார்கள்.

எங்கே தேடுகிறார்கள்?

அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய கடைகள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் இயங்கும் நியூம்ரிச், பழைய துப்பாக்கிகளின் பாகங்களை மொத்தமாக வாங்கி வைத்து விற்பதில் பெயர் பெற்றது. டென்னிசி மாநிலம் யூனியன் சிட்டியில் இருக்கும் டிக்ஸி கன் ஒர்க்ஸ், 1950-களில் இருந்தே கருமருந்துக்காரர்களின் கடை. அதன் தடிமனான கேட்டலாக் ஒரு தனி உலகம். ஊபர்ட்டி போன்ற இத்தாலியப் பட்டறைகளின் பாகங்களுக்கென்றே வி.டி.ஐ. போன்ற கடைகள் இருக்கின்றன.

கடைகளில் இல்லை என்றால் அடுத்தது 'டோனர்' வழி. அதே பட்டறையில், முடிந்தால் அதே வருஷத்தில் செய்த, உடைந்த துப்பாக்கி ஒன்றை மலிவாக வாங்கிப் பிரிப்பது. பித்தளைச் சட்டம் போட்ட நகல்கள் இதற்கு வசதி. பித்தளை எஃகைவிட மெது. அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சுட்டுச் சட்டம் தளர்ந்து, துப்பாக்கியாக உபயோகம் இல்லாமல் போயிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எஃகுப் பாகங்கள் நன்றாகவே இருக்கும். ஆர்மி சான் மார்கோ போல மூடிவிட்ட பட்டறைகளின் துப்பாக்கிகளுக்கு பல நேரம் இது ஒன்றுதான் வழி.

கோல்ட் நிறுவனமே 1971-ல் தன் பழைய மாடல்களை மறுபடி கொண்டுவந்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை 'இரண்டாம் தலைமுறை கோல்ட்' என்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. கோல்ட் பெயர் இருந்தாலும் இவற்றின் வார்ப்புகள் பல ஊபர்ட்டியில் இருந்து வந்தவை. அதனால் பாகம் தேடுகிறவர்கள் கோல்ட்டைவிட ஊபர்ட்டி அலமாரியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முழுசாகப் பொருந்தாவிட்டாலும் மெக்கானிக்குக்கு வேலை செய்ய ஒரு அடிப்படை கிடைக்கும்.

மூடிய பட்டறை வேறு பெயரில் திரும்பி வருவதும் உண்டு. 'ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர்' என்ற ரிவால்வர் அதற்கு உதாரணம். உள்நாட்டுப் போரின் கடைசியில் அமெரிக்க ராணுவம் 5,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1865-ல் அவை வந்து சேர்ந்தபோது போர் முடிகிற நேரம். உபயோகிக்காமலே கிடங்கில் கிடந்து, 1901-ல் பிரான்சிஸ் பேனர்மன் என்ற பழைய ராணுவச் சரக்கு வியாபாரிக்குப் போயின. இதன் நகலை ஆர்மி சான் பாவ்லோ பட்டறை, பின்னாளில் யூரோஆர்ம்ஸ் என்று பெயர் மாறியது, பல வருஷம் செய்தது. குறி தவறாது என்று போட்டிக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். யூரோஆர்ம்ஸ் மூடியபோது எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இன்னொரு இத்தாலிய நிறுவனமான பெதெர்சோலி அதன் சொத்துகளை வாங்கி, அதே மாடலைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எனவே கம்பெனி மூடிவிட்டது என்று கேள்விப்பட்டால், அதன் அச்சுகளையும் இயந்திரங்களையும் யார் வாங்கினார்கள் என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

150 வருஷத்து ஒரிஜினல் கையில் இருந்தால்?

அது வேறு கணக்கு. கோல்ட் காலத்தில் பாகங்களை இயந்திரத்தில் செய்தாலும் கடைசிப் பொருத்தம் கை அரத்தில்தான். ஒரு துப்பாக்கியின் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் வரிசை எண் குத்தினார்கள். அந்த எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் ஏலத்தில் விலை. எனவே ஒரிஜினலில் ஒரு பாகத்தை மாற்றினால், கழற்றிய உடைந்த பாகத்தைக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக வைக்கிறார்கள். அதற்கும் விலை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் 1968-ம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 வரை செய்த துப்பாக்கிகளையும், நவீன தோட்டா போட முடியாத கருமருந்து நகல்களையும் 'பழம்பொருள்' என்று தனியாக வைக்கிறது. அதனால்தான் அங்கே உதிரிபாகம் தபாலில் வீட்டுக்கே வருகிறது. மாநிலச் சட்டங்கள் இதில் மாறுபடும். இன்னொரு வலையும் உண்டு. ஓல்டு ஆர்மி உட்படப் பல கருமருந்து ரிவால்வர்களுக்கு, நவீன தோட்டா போடும்படி மாற்றுச் சிலிண்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒரிஜினல் சிலிண்டர் கிடைக்காதவருக்கு அது சுலப வழியாகத் தெரியும். ஆனால் அதை மாட்டிய நிமிஷம் அந்தத் துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் இருந்து வெளியே வந்து, சாதாரணத் துப்பாக்கிக்கான சட்டத்துக்குள் போய்விடலாம்.

இந்தியாவில் இருந்து ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 1959-ம் ஆண்டு ஆயுதங்கள் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். அமெரிக்கக் கடையில் கூடையில் போட்டு வாங்கும் ஒரு சிலிண்டர், இங்கே விமான நிலையச் சுங்கத்தில் வழக்காகிவிடும்.